தாம்பாளமும் கையுமாக எகிப்துப் படம் பார்த்த மூன்று நாள்

நான் எகிப்துக்குப் போனதில்லை. ஆனால் எகிப்தில் மூன்று நாள் அலைந்த அலுப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது. போனது என்னவோ மைசூருக்குத்தான். மகளை ஊருக்கு அழைத்து வரவேண்டும், வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம், அதற்கு இரண்டொரு சாமான் வாங்கவேண்டும். ஒரு நாள் வேலை. அது மூன்று நாளாக இழுத்துக்கொண்டு போனதற்கும், நான் இருட்டு மண்டபத்தில் தாம்பாளத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அரபுக்காரர்களின் கல்யாணத்தைப் பார்த்ததற்கும் யார் காரணம் என்று கேட்டால், முதலில் மகளைச் சொல்வேன், பிறகு மைசூரைச் சொல்வேன், கடைசியில் என்னையே சொல்லிக்கொள்ளவேண்டி வரும்.

எனக்குக் கர்நாடகத்தில் ஹனூர் பக்கம். மஞ்சளும் ராகியும் போடுகிறேன். எட்டாவது வரைக்கும் கன்னடப் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ். தமிழ் எழுத்து கைக்கு வந்தது கோயிலில் பாடுகிற பாட்டுப் புத்தகத்தால். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மகள், மாதேவி. எங்கள் மாதேஸ்வர சாமியின் பெயரைத்தான் வைத்தோம். மைசூரில் ஒரு கம்பெனியில், படத்துக்கு அடியில் ஓடுகிற எழுத்தை எழுதுகிறாள். ‘சினிமாவில் இருக்கிறாள்’ என்று சொன்னால் சொந்தக்காரர்களின் முகம் மாறிப்போகிறது. ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லிவிடுவேன். அவளுக்குக் கொள்ளேகாலத்தில் ஒரு வரன் வந்தது. உரக்கடை வைத்திருக்கிற பையன். சிகரெட் இல்லை, சீட்டு இல்லை, வருஷா வருஷம் மாதேஸ்வர மலைக்கு நடந்தே போகிற குடும்பம். எனக்கும் என் மனைவி சரசுவுக்கும் அப்படிப் பிடித்துப்போயிற்று.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூ கேட்போம். சாமியின் தலையில் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ, ஈரத்தோடு ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். போன அமாவாசைக்குக் கேட்டேன். வலப்பக்கம் விழுந்தது. கோயில் வாசலில் நின்றபடியே மாதேவிக்குப் போன் போட்டேன்.

“சாமியே சொல்லிட்டா அப்பறம் நான் என்னங்கப்பா சொல்றது? சரிங்கப்பா” என்றாள்.

அந்தச் ‘சரிங்கப்பா’வை ஊர் பூராவும் சொல்லிவிட்டேன். அந்தப் பூ விழுந்த விதத்தில் ஒரு சங்கதி உண்டு. அதை இங்கேயே சொல்ல வாய் வரவில்லை. இடம் வரும்போது சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மைசூரில் இறங்கும்போதே முதுகு இரண்டாகப் பிளந்துவிட்டது. எங்கள் அரசாங்கத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் எடுத்தவன் முழு வழியும் நின்றுகொண்டு வந்தான். உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என்மேல் இரக்கப்பட்டு, தன் மடியிலிருந்த கோழிக்கூடையை என் கையில் கொடுத்து, “புடிச்சுக்கங்க, உங்களுக்கு ஆதரவா இருக்கும்” என்றார். கோழி எனக்கு ஆதரவு.

மாதேவி பஸ் நிலையத்துக்கு வரவில்லை. போன் வந்தது. “அப்பா, இன்னிக்கு சாயங்காலத்துல இருந்து மூணு நாள் படம் போடறோம். எகிப்துக் காமெடிப் படம். நான்தான் கன்னட எழுத்து. வியாழக்கிழமை சாயங்காலம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து ஊருக்குப் போயிரலாம். அதுவரைக்கும் அக்ரஹாரத்துச் சத்திரத்துல ரூம் சொல்லியிருக்கறேன்.”

“வெள்ளிக்கிழமை நிச்சயத்த வெச்சுக்கிட்டு மூணு நாள் எகிப்துப் படமா?”

“ஒத்துக்கிட்ட வேலைங்கப்பா.”

சத்திரத்தில் அறைக்குப் பூட்டு உண்டு, சாவி இல்லை. சாவியை வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். மைசூர்க்காரர்கள் சாப்பிடப் போனால் தூங்கி எழுந்துதான் வருவார்கள். சும்மா உட்காருவானேன் என்று தேவராஜ மொஹல்லாவுக்கு நடந்தேன். அங்கே பித்தளைக் கடையில் நல்ல அகலமான தாம்பாளம் ஒன்று வாங்கினேன். மார்க்கெட்டுக்குள் நுழைந்து, மைசூர் வெற்றிலை, கொழுந்தாகப் பார்த்து ஒரு கட்டு. வாங்கிவிட்டுச் சரசுவுக்குப் போன் போட்டேன், மெச்சிக்கொள்வாள் என்று.

“வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்குச் செவ்வாக்கிழமையே வெத்தல வாங்கற ஆம்பளைய இப்பத்தானுங்க பாக்கறேன். வாடிப் போகாதா? ஈரத்துணில சுத்தி வெய்யுங்க. மணிக்கொருக்கா தண்ணி தெளியுங்க. தாம்பாளத்த கீழ போட்டு நசுக்கிராதீங்க.”

சாவிக்காரர் சாயங்காலமும் வரவில்லை. தாம்பாளம், ஈரத்துணியில் வெற்றிலை, தோள்பை எல்லாவற்றோடும் நேராகப் படம் போடுகிற மண்டபத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மாதேவி ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், பெயர் நாதியா. எகிப்துக்காரி, இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள் அரபுப் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல, மாதேவி கன்னடத்தில் எழுதினாளாம். படம் ஓடும்போது ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக மாதேவி தட்டிவிடவேண்டும். தட்டினால்தான் திரைக்கு அடியில் எழுத்து வரும்.

“ஊட்ட ஆய்த்தா, அப்பாஜி?” என்றாள் நாதியா. எகிப்திலிருந்து வந்தவள் கன்னடத்தில் சாப்பாடு விசாரிக்கிறாள். என் மகளோ வெற்றிலையைப் பார்த்துவிட்டு மேஜைக்குப் போய்விட்டாள்.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், நெற்றியில் திருமண். மேல்கோட்டைப் பக்கம் பூர்வீகம், பெயர் சம்பத், அரசாங்க ஆபீசில் ஆயுசு பூராவும் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். தாம்பாளத்தைப் பார்த்து, “என்ன ஓய், படத்துக்கு ஆரத்தி எடுக்க வந்தீரா?” என்றார்.

முதல் படம் ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றியது. மந்திரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்ததும் அவர் கண்ணில் படப்போகிற சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கிறார்கள். படுக்கைக்கு நோயாளி போதவில்லை என்று நல்லாயிருக்கிற ஆட்களைப் பிடித்துக் கட்டுப் போட்டுப் படுக்கவைக்கிறார்கள். அப்படிக் கால் உடையாமலே மாவுக்கட்டு போட்டுக்கொண்ட கதாநாயகனுக்கும், பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல் இல்லாமல் படுத்திருக்கிற பெண்ணுக்கும் காதல். மந்திரி வந்தபாடில்லை. நாள் தள்ளிப்போகப் போகக் காதல் முற்றுகிறது. கட்டைப் பிரித்தால் வேலை போகும், பிரிக்காவிட்டால் பெண் கேட்க நடந்து போகமுடியாது.

சம்பத் விழுந்து விழுந்து சிரித்தார். “அச்சு அசல் எங்க ஆபீஸ்! இது எகிப்து இல்லே, ஓய், நம்ம ஊர்தான்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன படம் இது, மகளுக்கு நிச்சயத்தை வைத்துக்கொண்டு பொய்க்கட்டு போட்டவனின் காதலைப் பார்க்கவேண்டுமா என்று எரிச்சல். அந்தப் பெண்ணும் பையனும் முதல் முதலாகக் கை பிடிக்கிற இடம், மண்டபமே மூச்சுவிடாமல் பார்க்கிறது, மடியிலிருந்த தாம்பாளம் நழுவியது. பித்தளைச் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி ஓடிப்போய் முன்வரிசைக்காரர் காலடியில் அடங்கிற்று. ஒரு பையன் கன்னடத்தில், “கெட்டிமேளம் வந்தாச்சு!” என்று கத்தினான். மண்டபம் சிரித்தது. மாதேவியும் சிரித்ததை மேஜை வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த ஒரு சிரிப்புதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்லது.

சத்திரத்தில் ராத்திரி அறை திறந்தது, ஆனால் பூட்டு மறுபடி விழாததால் தாம்பாளமும் வெற்றிலையும் போகிற இடமெல்லாம் என்னோடேயே வந்தன. புதன்கிழமை காலையில் சத்திரத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லி. மைசூர்க்காரர்கள் சாம்பாரில் வெல்லம் போடுவதை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டேன். “காரமா ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டேன். சட்னி வந்தது. அதிலும் இனிப்பு.

மாதேவியிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம் என்று மத்தியானமே மண்டபத்துக்கு ஆட்டோவில் கிளம்பினேன். ஆட்டோக்காரர் எங்கெங்கேயோ சுற்றினார். கேட்டால், நேர்வழியில் தார் போடுகிறார்கள், நாளைக்கு மந்திரி வருகிறார் என்றார். ரோட்டின் ஒரு பாதி கறுப்பாகப் பளபளக்கிறது, மறுபாதி பழைய பள்ளம்.

“இந்தப் பக்கம் போடலீங்களா?”

“மந்திரி அந்தப் பக்கமாத்தானே வருவார்” என்றார் கன்னடத்தில், எனக்கு விவரம் போதாது என்கிற மாதிரி.

“திரும்பிப் போகமாட்டாரா?”

“போகும்போது தூங்கிட்டு போவார், யஜமான்ரே.”

நேற்று சிரிக்காத சிரிப்பு அப்போது வந்தது. அந்தப் பள்ளத்தில் ஆட்டோ இறங்கி ஏறியதில் பாதியில் நின்றுபோனது.

மாதேவிக்குப் பேச நேரமில்லை. அவளும் நாதியாவும் அன்றைய படத்தின் வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள், நாதியா சமைத்து வந்தது. கொஷாரியாம். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு. வீட்டில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டின மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் காரம்! மூன்று வேளை மைசூர் வெல்லம் தின்ற நாக்குக்கு அமிர்தம். மாமிசம் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

“கண்ணு, புடவை எடுக்கோணும். என்ன நெறம் வேணும்?” என்று கேட்டேன்.

“எதுன்னாலும் சரிங்கப்பா.”

“பச்சையா, சிவப்பா?”

“சரிங்கப்பா.”

நாதியா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வெங்காயத்தைக் கிளறினாள்.

அன்றைய படம்தான் என்னைக் கவிழ்த்தது. கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டணத்தில் ஒரு ஆளுநர். அவர் ஒருவர்தான் வேட்பாளர். வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் ஜனங்கள் சீட்டுப் போடவேண்டும். இரண்டு பெட்டி. ‘வேண்டும்’ பெட்டிக்குச் சாணிக்கூடை மாதிரி அகல வாய். ‘வேண்டாம்’ பெட்டிக்கு ஊசி நுழைகிற ஓட்டை. ஒரு கிழவர் ‘வேண்டாம்’ பெட்டியில் சீட்டைத் திணிக்கப் பார்க்கிறார், மடிக்கிறார், சுருட்டுகிறார், எச்சில் தொட்டு நீவுகிறார், கடைசியில் காவல்காரனே பரிதாபப்பட்டு, “பெரியவரே, முதுகு வலிக்கும், இதிலே போடுங்கள், சுலபம்” என்று அகல வாயைக் காட்டுகிறான்.

அதற்கு நான் சிரித்த சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பத் என் முதுகைத் தட்டி, “மெதுவா ஓய், தாம்பாளம்” என்றார். மேஜையிலிருந்து மாதேவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்த நிமிஷத்தில் சாமந்திப்பூ ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

சொல்லவேண்டிய இடம் இதுதான். அமாவாசையன்று நான் மூன்று தடவை பூ கேட்டேன். முதல் தடவை இரண்டு பக்கமும் மல்லிகை. இடப்பக்கம் விழுந்தது. ஈரம் பத்தலீங்க, இன்னொருக்கா வெய்யுங்க என்று பூசாரியிடம் சொன்னேன். இரண்டாம் தடவையும் இடப்பக்கமே. பூசாரி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். மூன்றாவது தடவை, “வலப்பக்கத்துக்கு மல்லிகை வேண்டாமுங்க, சாமந்தி வெய்யுங்க, சாமிக்கு எடுப்பா இருக்கும்” என்று உள்ளங்கை அகலச் சாமந்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி வைத்த கையை எடுப்பதற்குள் விழுந்தது. ‘உகே மாதப்பா’ என்று நானே சாமி கோஷம் போட்டேன். சாமியை ஏமாற்றுகிறேன் என்று அப்போது தோன்றவில்லை. நல்ல பையன், சாமிக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். அந்த ஆளுநரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

படத்தில் எல்லாரும் ‘வேண்டும்’ என்று போட, எப்படியோ ஒரே ஒரு சீட்டு ‘வேண்டாம்’ என்று வந்துவிடுகிறது. ஆளுநருக்குத் தூக்கம் போயிற்று. யார் போட்டது என்று கண்டுபிடிக்க ஒரு குமாஸ்தாவை வீடு வீடாக அனுப்புகிறார். அவன் கண்டுபிடிக்கிறான். மருந்துக்கடைப் பெண். கண்டுபிடித்ததும் காதல் வந்துவிடுகிறது. காட்டிக்கொடுக்க முடியவில்லை. ஆளுநர் பெரிய மனசு பண்ணி, “நானே கல்யாணம் நடத்துகிறேன், டிவியில் காட்டுங்கள், வேண்டாம் என்றவளே என் தலைமையில் சம்மதம் சொல்வதை ஜனங்கள் பார்க்கட்டும்” என்கிறார்.

அவர்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையும் கை கோத்துக்கொள்ள, மேலே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போடுகிறார்கள். பதிவு செய்கிறவர் மந்திரம் மாதிரி ஏதோ சொல்கிறார். பிறகு பெண்ணிடம் கேட்கிறார். திரைக்கு அடியில் கன்னடத்தில் வந்தது: ‘உனக்குச் சம்மதமா?’

பெண் வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். எழுத்து வரவில்லை.

திரையில் தகப்பன் திடுக்கிட்டுக் கைக்குட்டைக்கு அடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். ஆளுநர் எழுந்து நின்றார். அடியில் வெறுமை. “என்னம்மா சொன்னா? எழுத்து எங்கே?” என்று பின்னால் சத்தம். “கரண்ட் போச்சா?” என்று ஒருவர். சம்பத் என் கையைப் பிடித்து, “அவ என்ன ஓய் சொன்னா?” என்று என்னைக் கேட்கிறார், எனக்கு அரபு வந்த மாதிரி.

மேஜையைப் பார்த்தேன். மாதேவியின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. நாதியா அவள் தோளைத் தொட்டாள். அதற்குப் பிறகுதான் எழுத்து வந்தது: ‘முதலில் மாப்பிள்ளையைக் கேளுங்கள். தானாகச் சொல்கிறாரா, சொல்லச் சொன்னதால் சொல்கிறாரா?’

மிச்சப் படம் நன்றாகத்தான் இருந்திருக்கும். பெண்ணும் பையனும் ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். திறந்தால் இரண்டு ‘வேண்டும்’, கூடவே யாரும் எதிர்பார்க்காத மூன்றாவது சீட்டு, ‘வேண்டாம்’. ஆளுநரின் மனைவி கையெழுத்து. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. நான் அந்தத் தகப்பன் உருவிக்கொண்ட கையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே படிக்கட்டில் விளக்கு எரிந்தது. மாதேவி காபியோடு வந்தாள்.

“கண்ணு, அந்தப் புள்ள சொன்னத ஏன் போடல?”

“கை தவறிருச்சுங்கப்பா.”

“கை தவறல. நின்னுச்சு. நான் பாத்தேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இனிமேல் சொல்லாமல் தள்ளினால் நான் மனுஷன் இல்லை என்று பட்டது.

“மாதேவி, பூ வலப்பக்கம் விழல. ரெண்டு தடவ எடப்பக்கம் விழுந்துச்சு. மூணாந்தடவ வலப்பக்கம் நான் சாமந்தி வெக்கச் சொன்னேன்.”

“சாமந்தியா?”

“ஆமாங்கண்ணு.”

“எவ்வளவு பெருசுங்கப்பா?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தாள். நாதியா பயந்துபோய் ஓடிவர, அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். நாதியா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னதை மாதேவி எனக்குத் தமிழில் சொன்னாள்: “எங்க ஆளுநருக்கு இந்த யோசனை தோணலியே! அப்பாஜிய எங்க ஊருக்குக் கதை எழுத அனுப்பு.”

சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். “சாமி சொல்லிருச்சுன்னு சொன்னீங்க. சாமிகிட்ட எப்படிங்கப்பா வேண்டாங்கறது?”

“என்கிட்ட சொல்லு. பையன்கிட்ட என்ன கொறை?”

“கொறையே இல்லீங்கப்பா. நல்லவரு. நாலு தடவ போன்ல பேசினோம். நான் வேலை செய்யற படத்துல இருந்து சிரிப்பா ஒரு துண்டு அனுப்பினேன். இதுல சிரிக்க என்ன இருக்குன்னு கேட்டாரு. இன்னொண்ணு அனுப்பினேன். அந்த ஆளு ஏன் அரசாங்கத்துக்கு எதிரா பேசறான்னாரு. அவருக்குச் சிரிப்பு வரலீங்கப்பா.”

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதாமல் இருக்கமுடியாது. “சிரிப்பு வரலைன்னு யாராச்சும் நிச்சயத்த நிறுத்துவாங்களா? பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு, சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. சிரிப்பு சோறு போடுமா?”

“நீங்களும் அம்மாவும் எத்தன சண்ட போட்டாலும் ராத்திரி சாப்பாட்டுக்குள்ள அம்மா உங்களப் பாத்து எதுக்காச்சும் சிரிச்சிருவா. நான் அதப் பாத்துத்தானுங்கப்பா வளந்தேன்.”

சரசு என்னைப் பார்த்துச் சிரிக்காத நாள் ஒன்று உண்டா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அதுவரைக்கும் அதை நான் ஒரு குறையாகவே நினைத்திருந்தேன்.

“சரி. வாயத் திறந்து சொல்லு. அப்பத்தான் நான் அவியளுக்குப் போன் பண்ணமுடியும்.”

காபித் தம்ளரைப் படியில் வைத்தாள். “வேண்டாங்கப்பா.”

வியாழக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் போன் போட்டேன். சாமந்தியை மறைக்காமல் சொன்னேன். அவர் பேசியதை இங்கே எழுதமுடியாது. எல்லாம் நியாயமான பேச்சு. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசி வரைக்கும் கேட்டேன். அதற்குப் பிறகு சரசு.

“ஏனுங்க, வெத்தலைக்குத் தண்ணி தெளிச்சீங்களா?”

“தெளிச்சேன். சரசு, நிச்சயம் இல்ல. நான் பூவுல ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“சாமந்திதானுங்க? பூசாரி பொண்டாட்டி அன்னிக்கே சொல்லிட்டா.”

“தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தே?”

“எனக்கும் அந்தப் பையனப் புடிச்சிருந்துச்சுங்க” என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, “அந்த வெத்தலைய வீட்டுக்குக் கொண்டாராதீங்க. பாத்தா மனசு கஷ்டமாயிருக்கும். அங்கயே யாருக்காச்சும் குடுத்துருங்க.”

அன்றைக்குச் சாயங்காலம் கடைசிப் படம். மண்டபத்து வாசலில் தாம்பாளத்தில் வெற்றிலையைப் பரப்பி, பக்கத்துக் கடையில் பாக்கும் வாங்கி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டினேன். செவ்வாய்க்கிழமை வாங்கியதென்று யாரும் சொல்லமாட்டார்கள், அப்படித் தண்ணீர் தெளித்திருந்தேன். கெட்டிமேளம் என்று கத்தின பையன் என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு ஒன்றை எடுத்துக்கொண்டான். நாதியா மூன்று வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு காரத்தில் கண் கலங்கினாள்.

“யாருக்கு ஓய் கல்யாணம்?” என்றார் சம்பத்.

“யாருக்கும் இல்லீங்க, சாமி.”

“அப்படின்னா பேஷா ரெண்டு கூடவே குடும்.”

அந்தப் படத்தில் தலைவரின் கார்கள் போவதற்காக ரோட்டை மறிக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் அகப்பட்டுக்கொண்ட ஒரு பையனும் பெண்ணும் சண்டையில் ஆரம்பித்து, பசியில் ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்று, ரோடு திறப்பதற்குள் மனசு ஒத்துப்போகிறார்கள். ஒரு வரிகூடத் தவறாமல் எழுத்து வந்துகொண்டிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். தாம்பாளத்தை நாற்காலிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

அம்மாவிடம் நேரில் சொல்லவேண்டும் என்று மாதேவியும் என்னோடு ஊருக்கு வந்தாள். பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. தாம்பாளத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில், நிச்சயம் நடந்திருக்கவேண்டிய நேரத்தில், இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். தாம்பாளத்தில் தேங்காய், பழம், தோட்டத்தில் பூத்த ஒரு சாமந்தி. பூசாரி என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

“பூ கேக்கோணுமுங்களா?”

“வேண்டாமுங்க. பதில் வந்துருச்சு.”

“எந்தப் பக்கமுங்க?”

“எடப்பக்கம்” என்றேன்.

அவர் சாமந்தியை எடுத்து, கையில் கனம் பார்த்து, சாமியின் காலடியில் வைத்தார். “இதுக்கு இதுதானுங்க எடம். தலையில வெச்சா நிக்கறதில்ல.”

மாதேவி களுக்கென்று சிரித்துவிட்டாள். சன்னிதியில் சிரிக்காதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கும் வந்துவிட்டது.